சீமை எலியின் இடது பின்னங்கால்

ஐம்பத்தெட்டாம் ஆண்டு மாசி மாதம் எங்கள் வீட்டுக்கு இரண்டு சீமை எலிகள் வந்தன. ஆனி முடிவதற்குள் இரண்டுமே செத்துவிட்டன. இடையில் ஒரு பூனை செத்தது, ஒரு மனிதரின் செவிப்பறை கிழிந்தது. இவை எல்லாவற்றுக்கும் என் கைப்பட எழுதிய குறிப்பு என்னிடம் இருக்கிறது. அந்த மனிதரின் காது போனதற்கு அந்தக் குறிப்பும் ஒரு காரணம்.

அப்போது எனக்கு இருபத்திரண்டு வயது. ராமநாதபுரத்தில் எங்கள் ஊர்க்காரர் ஒருவருடைய மண்டியில் கடிதம் எழுதும் வேலை. வெள்ளிக்கிழமை மண்டி கிடையாது. வியாழன் மாலை பஸ்ஸில் கடற்கரையில் இருந்த எங்கள் ஊருக்கு வருவேன், சனிக்கிழமை விடிந்ததும் திரும்பிவிடுவேன். மற்ற நாட்களில் மண்டி மாடியில் படுக்கை, மாலையில் வாசகசாலை. கையில் கிடைத்ததையெல்லாம் படித்தேன். நாட்குறிப்பு எழுதும் பழக்கமும் இருந்தது. இங்கிலீஷ் தேதி, தமிழ்த் தேதி, ஹிஜ்ரி தேதி மூன்றையும் தலைப்பில் போட்டுத்தான் தொடங்குவேன். இங்கே அந்தத் தேதிகளைக் கொடுக்கப்போவதில்லை. கிழமை மட்டும் போதும்.

எங்கள் ஊரில் பெண் புகுந்த வீடு போகமாட்டாள். வீடு பெண்ணுக்கு. மாப்பிள்ளைதான் அங்கே வந்து இருப்பார். அதனால் எங்கள் வீடு என் அக்காவின், ராத்தாவின் வீடு. உம்மா அவளோடு இருந்தார். ராத்தாவின் மாப்பிள்ளைக்குப் பாம்பனில் கருவாட்டு வியாபாரம். அவரும் வியாழன் மாலை வந்து சனிக்கிழமை காலை போவார். எங்கள் அண்ணன் காக்காவுக்கு இரண்டு தெரு தள்ளி மாமியார் வீடு. ஆனால் வாப்பா மவுத்தாகி அடக்கமான பிறகு எங்கள் வீட்டு அதிகாரம் காக்காவிடம்தான். பகலெல்லாம் எங்கள் முற்றத்தில்தான் இருப்பார், சாப்பாடும் உம்மா கையால்தான். மாமியார் வீட்டில் அவரும் ஒரு மாப்பிள்ளை. அங்கே அவர் முன்னால் யாரும் குரல் உயர்த்தமாட்டார்கள். குரலும் கையும் உயர்த்துகிற இடம் எங்கள் வீடு.

அவர் கைச்சூடு நாங்கள் எல்லோரும் அறிந்தது. இடுப்பில் நான்கு விரல் அகலத்துக்குப் பச்சை வார் கட்டியிருப்பார், முன்பக்கம் பித்தளைப் பூட்டு. அவர் அதை அவிழ்க்கும் சத்தம் கேட்டால் நான் எந்த வயதிலும் எழுந்து நின்றுவிடுவேன். திருப்பாலைக்குடியில் அவருக்கு ஒரு மீன்பிடி வத்தை உண்டு. வலையை அறுத்துவிட்டான் என்று ஒருவனைத் துடுப்பால் அடித்து முன்பற்களைக் கொட்டவைத்தவர். அதே காக்காதான், முந்தின வருஷம் ராத்தாவின் குழந்தை நாற்பது நாளில் இறந்தபோது கபுருஸ்தானில் உட்கார்ந்து மண்ணை வாரித் தலையில் போட்டுக்கொண்டவர்.

குழந்தை போன பிறகு ராத்தா யாருடனும் பேசுவதில்லை. கொழும்புக்குப் போன காக்கா, அங்கே யாரோ ஒரு துரை வீட்டுச் சமையல்காரரிடமிருந்து ஒரு கூடையில் இந்த இரண்டையும் வாங்கிவந்தார். ஒன்று வெள்ளையும் தவிட்டு நிறமும், மற்றது முழுக்கக் கறுப்பு. வால் இல்லை. முயலைவிடச் சின்னது, எலியைவிடப் பெரியது. "சீமை எலி" என்றார் காக்கா. அதன் இங்கிலீஷ் பெயர் எனக்குத் தெரியும். அதில் பன்றி வருவதால் வீட்டில் நான் அதைச் சொல்லவே இல்லை.

"ஜோடியாக் கொண்டாந்திருக்கேன், குட்டி போடும்" என்றார் காக்கா. இரண்டும் ஆண். முதல் வாரமே பல்லை நறநறவென்று கடித்துக்கொண்டு ஒன்றையொன்று சுற்றின. இரண்டாவது வியாழன் நான் வந்தபோது கறுப்பின் முதுகில் சதை தெரிந்தது. மூன்றாவது வியாழன் கூடையில் தவிட்டு நிறம் மட்டும்தான் இருந்தது. அதன் வாயோரம் காய்ந்த ரத்தத்தை ராத்தா ஈரத்துணியால் துடைத்துக்கொண்டிருந்தாள். குழந்தை போன பிறகு அவள் ஒரு உயிரைத் தொட்டுத் துடைத்ததை அன்றுதான் பார்த்தேன்.

அடுத்து பூனை. அடுத்த வீட்டுக் கடுவன் ஒரு வெள்ளிக்கிழமை பகலில் கூடைமேல் பாய்ந்தது. காக்கா அதன் பின்னங்கால்களைப் பிடித்துக் கிணற்றுச் சுவரில் ஒரே அடி. பிறகு அடுத்த வீட்டு வாசலில் கொண்டுபோய்ப் போட்டுவிட்டு, "ஒங்க பூனை இங்கன வந்துச்சு, கொண்டாந்து விட்டுட்டேன்" என்றார். அந்த வீட்டார் எங்கள் கிணற்றில் தண்ணீர் எடுப்பதை அன்றோடு நிறுத்தினார்கள்.

இப்படியாக அந்தத் தவிட்டு எலி காக்காவின் பாதுகாப்பில் இருக்கும் பிராணி என்று தெருவுக்கே தெரிந்தது. ராத்தா அதை மடியில் வைத்துக்கொண்டே அரிசி பொறுக்கினாள். அவள் அடுப்படியிலிருந்து வரும் காலடி கேட்டாலே அது விசில் போலக் கத்தும். அவள் சிரிப்பாள். உம்மா அந்தச் சிரிப்புக்காகவே அதைக் கவனித்துக்கொண்டார்.

அந்தக் கவனிப்பில்தான் தவறு நடந்தது. முதலில் அதற்குப் புல்தான் போட்டார்கள். நோன்புப் பெருநாள் கழிந்ததும் ஹஜ்ஜுப் பெருநாளுக்குக் கிடாய் வாங்கிக் கட்டினோம். குர்பானிக் கிடாய்க்குப் பருத்திக்கொட்டையும் புண்ணாக்கும் தவிடும் ஊறவைத்துக் கொடுப்பது வழக்கம். எங்கள் உப்பு மண்ணில் சித்திரை வெயிலுக்குப் பிறகு புல் ஏது? "சீமைச் சரக்குக்குப் போயிக் காஞ்ச புல்லப் போடுறதா? கிடாயோட சேந்து இதுவும் தின்னட்டும்" என்றார் உம்மா. மாப்பிள்ளைக்கு எடுத்துவைப்பதைப் போல ஒரு சின்னக் கிண்ணத்தில் தனியாக எடுத்துவைப்பார். எப்போதாவது மல்லித்தழைக் காம்பு நாலு விழும். அவ்வளவுதான் பச்சை.

என் மச்சானுக்கு அந்தப் பிராணி பிடிக்காது. ராத்தாவின் மாப்பிள்ளையைத்தான் சொல்கிறேன். ஏழு நாளில் ஒன்றரை நாள்தான் வீட்டில் இருப்பார். அந்த ஒன்றரை நாளும் ராத்தாவின் மடியில் எலி இருந்தது. ஒரு முறை அவருடைய தொப்பியைக் கடித்து ஓரத்தைத் தின்றுவிட்டது.

"இது என்ன மாமியார் வீடா, எலி வளையா?" என்றார் அவர், தொப்பியைத் தூக்கிக் காட்டி. "ஒரு நாளைக்கு இத மிதிச்சே கொல்லப்போறேன் பாரு."

"மிதிங்க. காக்கா வந்து ஒங்களை மிதிப்பாக" என்றாள் ராத்தா சிரித்துக்கொண்டே.

அவரும் சிரித்தார். நான் அதை எழுதிக்கொண்டேன். அவர் சிரித்ததை எழுதவில்லை.

வைகாசியில் முதல் வெள்ளிக்கிழமை என் குறிப்பு: இடது பின்னங்காலை ஊன்றவில்லை. இரண்டாம் வெள்ளி: நொண்டல் கூடியிருக்கிறது, தூக்கினால் கத்துகிறது. மூன்றாம் வெள்ளி: இரு பின்கால்களின் மூட்டுகளும் வீங்கியிருக்கின்றன, வாயோரம் ரத்தம். நான்காம் வெள்ளி: நகரவில்லை, தொட்டாலே அலறுகிறது. உடம்பில் வெளிக்காயம் ஏதுமில்லை என்பதையும் எழுதியிருந்தேன். ஒரு வரியில் நான்கு வெள்ளிக்கிழமைகளையும் கோத்து, "நான்கு முறையும் மச்சான் வீட்டில் இருக்கிறார்" என்று கீழே கோடு போட்டு எழுதினேன். கண்டுபிடித்துவிட்ட கர்வம் எனக்கு இருந்தது. அதை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும்.

அந்த நான்காம் வெள்ளி ஜும்ஆ தொழுகை முடிந்து எல்லோரும் சாப்பிட உட்கார்ந்தோம். ராத்தா எலியை எடுக்கப்போனாள். அது போட்ட கூச்சலில் காக்கா சோற்றுக் கையோடு எழுந்து வந்தார்.

"எவன் இத அடிச்சது?"

கிடாய் மட்டும் கத்தியது.

"எல போட்டுச் சோறு திங்கிறீங்கள்ல, வாயத் தொறங்க! நான் கொண்டாந்த உசுரு இது. எவன் கால ஒடைச்சது?"

"யாரும் ஒடைக்கல காக்கா. சீக்கா இருக்கும்" என்றாள் ராத்தா.

"சீக்குன்னா காலு வீங்குமா? வாயில ரத்தம் வருமா?" என்னைப் பார்த்தார். "ஏலே, நீதான் எல்லாத்தையும் எழுதுவியே. என்ன எழுதியிருக்க? வாசி."

நான் வாசிக்காமல் இருந்திருக்கலாம். இல்லை என்று சொல்லியிருக்கலாம். எழுந்துபோய் நோட்டை எடுத்துவந்து, நான்கு வெள்ளிக்கிழமைகளையும் நிறுத்தி நிதானமாக வாசித்தேன். தொப்பி விஷயத்தையும் வாசித்தேன். கோடு போட்ட வரியையும் வாசித்தேன்.

மச்சான் எழுந்து நின்றார். முகத்தில் முதலில் வந்தது சிரிப்புதான். "தம்பி வெளையாடுறாக. நான் எதுக்கு மச்சான் அதத் தொடப்போறேன்?"

"அப்ப வெள்ளிக்கிழமை வெள்ளிக்கிழமை அதுவாவா கால ஒடிச்சுக்குது?"

முதல் அடி திறந்த கையால், இடது காதோடு சேர்த்து. மச்சான் சுவரில் மோதினார். வார் அவிழும் சத்தம் கேட்டது. நான் பழக்கத்தில் எழுந்து நின்றேன். பித்தளைப் பூட்டு நெற்றியில் பட்டுத் தோல் பிளந்தது. அவர் குனிந்தபோது முதுகில், மறுபடி முதுகில், கழுத்தில். ராத்தா நடுவில் பாய்ந்தாள். வார் அவள் தோளிலும் விழுந்தது. "இன்னைக்கு எலிய அடிச்சான். நாளைக்கு ஒன்ன அடிப்பான்" என்று கத்தினார் காக்கா. "ஒன்ன இவன் இப்பிடி அடிக்கிறதப் பாக்கணுமா நான்?" அவளைக் காப்பாற்றுவதாக நினைத்துக்கொண்டே அவளை அடித்துக்கொண்டிருந்தார்.

மச்சானைக் கிணற்றடிவரை இழுத்துப்போய், பூனையை அடித்த அதே சுவரில் தலையை மோதினார். மச்சான் அவரைவிட இளையவர், கருவாட்டு மூட்டை தூக்கிப் பழகிய தோள். ஒரு கை ஓங்கியிருந்தால் காக்கா விழுந்திருப்பார். பெண் வீட்டில், பெண்ணின் மூத்தவர் மேல் அவர் கை ஓங்கவில்லை. இரண்டு கைகளையும் தொங்கவிட்டுக்கொண்டே அடி வாங்கினார். உம்மா காக்காவின் காலைக் கட்டிக்கொண்ட பிறகுதான் அது நின்றது.

மச்சான் ஓரம் கடிபட்ட தொப்பியை எடுத்துத் தலையில் வைத்தார். இடது காதிலிருந்து ரத்தம் கழுத்து வழியாகச் சட்டைக்குள் இறங்கியது. என்னைப் பார்த்து, "எழுதிக்க" என்று மட்டும் சொல்லிவிட்டு வெயிலில் இறங்கிப் போனார்.

வீட்டு மாப்பிள்ளை மேல் கை வைத்த வீடு என்று ஊரில் பெயர் ஆகிவிட்டது. மச்சானின் குடும்பத்தார் பள்ளிவாசல் ஜமாஅத்தில் வந்து நின்றார்கள். தலாக் சொல்லிவிடுவதென்று பேச்சு. ஜமாஅத்துப் பெரியவர்கள் முஹர்ரம் பிறை பார்க்கும்வரை பொறுக்கச் சொன்னார்கள். அதற்கு ஆறு வாரம் இருந்தது. அதற்குள் காக்கா பாம்பன் போய் மன்னிப்புக் கேட்கவேண்டும் என்பது பேச்சு. "என் தங்கச்சி வீட்டுல வாயில்லா உசுர அடிச்சவன்கிட்ட நான் மன்னிப்புக் கேக்கணுமா?" என்றார் காக்கா. கேட்டவர்களிடமெல்லாம் என் நோட்டைச் சொன்னார். "தேதி போட்டு எழுதியிருக்கான் என் தம்பி. இங்கிலீஷ், தமிழ், ஹிஜ்ரி, மூணு தேதி!"

ராத்தா மறுபடி பேச்சை நிறுத்திக்கொண்டாள். தோளில் வார் பட்ட இடம் கறுத்திருந்தது. சனிக்கிழமை காலை நான் கிளம்பும்போது வாசல்வரை வந்து, ஒரே ஒரு கேள்வி கேட்டாள்.

"சனிக்கிழமையிலேருந்து புதன்கிழமை வரைக்கும் அது நல்லா ஓடுச்சுன்னு ஒனக்கு யாருடா சொன்னது?"

பஸ்ஸில் போகும்போது நோட்டைத் திறந்து பார்த்தேன். மற்ற நாட்களுக்கு எலியைப் பற்றி ஒரு வரிகூட இல்லை. நான் வீட்டில் இல்லாத நாட்கள் அவை. நான் பார்த்த நாளெல்லாம் மச்சானும் இருந்த நாள், ஏனென்றால் இருவரும் வந்தது ஒரே வியாழக்கிழமை.

வாசகசாலையில் பிராணிகளைப் பற்றி இருந்த இங்கிலீஷ் புத்தகங்களை ஒவ்வொன்றாக எடுத்தேன். மூன்றாம் மாலை, ஒரு தடித்த புத்தகத்தின் நடுவில் கிடைத்தது. பச்சைத் தழையிலும் புளிப்புப் பழத்திலும் இருக்கும் ஒரு சத்தை ஆடு, மாடு, சாதாரண எலி எல்லாம் தங்கள் உடம்பிலேயே உண்டாக்கிக்கொள்ளும். மனிதனும் குரங்கும் இந்தப் பிராணியும் அதைத் தின்றுதான் பெறவேண்டும். கிடைக்காவிட்டால் மூட்டுக்குள் ரத்தம் கசிந்து வீங்கும், பின்கால்கள் ஊன்றாது, ஈறில் ரத்தம் வரும், தொட்டால் அலறும். பழைய காலத்தில் மாதக்கணக்கில் கப்பலில் கிடந்தவர்களுக்கு வந்த அதே நோய். கிடாய்க்கு அந்தத் தீனி போதும். இதற்குப் போதாது.

முதலாளியிடம் பத்து நாள் விடுப்புக் கேட்டு ஊருக்குப் போனேன். எலி ஒரு பக்கமாய்ச் சாய்ந்து கிடந்தது. எலுமிச்சைச் சாற்றைத் தண்ணீரில் கலந்து, பஞ்சில் தொட்டு வாயில் பிழிந்தேன். பின்வீட்டு முருங்கையிலிருந்து கீரை உருவிப் பரப்பினேன். முதல் இரண்டு நாள் ராத்தா தூரத்திலிருந்து பார்த்தாள். மூன்றாம் நாள் என் கையிலிருந்து பஞ்சைப் பிடுங்கிக்கொண்டாள். இந்த முறை ஒவ்வொரு நாளும் எழுதினேன். ஞாயிறு: கீரை தின்கிறது. செவ்வாய்: ஈறில் ரத்தம் இல்லை. வியாழன்: வலது காலை ஊன்றுகிறது. எட்டாம் நாள் ராத்தாவின் காலடி கேட்டு விசில் அடித்தது. அவள் அடுப்படியிலேயே உட்கார்ந்து அழுதாள்.

காக்கா அந்த நாட்களில் வத்தையோடு திருப்பாலைக்குடியில் இருந்தார். ஹஜ்ஜுப் பெருநாளுக்குத்தான் வந்தார். தொழுகை முடிந்து, முற்றத்தில் கிடாயை அறுத்து, கறியைப் பங்கு வைத்து முடித்தபோது மதியமாகிவிட்டது. கத்தியைக் கழுவிக்கொண்டிருந்தவர் முன்னால் எலியை இறக்கிவிட்டேன். கொஞ்சம் நொண்டியபடி, ஆனால் நான்கு காலிலும், ரத்தம் கழுவிய ஈரத்தரையில் அது ஓடியது.

"காலு யாரும் ஒடைக்கல காக்கா. தீனிக்கோளாறு. கீர குடுத்தேன், எட்டே நாளுல ஓடுது. புத்தகத்துல இருக்கு. மச்சான் தொடவே இல்ல."

அவர் எலியையே பார்த்தார். புரிந்துகொண்டார் என்பது அவர் முகத்தில் தெரிந்தது. நான் வாயை மூடியிருக்கவேண்டும்.

"பாம்பன் போயி ஒரு வார்த்தை கேட்டுட்டு வந்துருவோம்" என்றேன்.

அவர் குனிந்து அதை எடுத்தார். ராத்தா "காக்கா!" என்று ஓடிவந்தாள். கிணற்றுச் சுவரில் ஒரே அடி. அந்தச் சுவர் மூன்றாவது முறையாக ஈரமானது. "செத்த எலிக்குக் காலும் கிடையாது, கீரையும் கிடையாது" என்றார். "போ. போயி எழுது."

ராத்தா அவர் மேல் பாய்ந்து முகத்தைப் பிறாண்டினாள். அவர் அவளைத் தள்ளியதில் கறிச்சட்டி உருண்டு, பங்கு வைத்த கறியெல்லாம் மண்ணில் விழுந்தது. பெருநாள் கறி அந்த வருஷம் எங்கள் வீட்டிலிருந்து யாருக்கும் போகவில்லை.

இரண்டு நாள் கழித்து நோட்டை எடுத்துக்கொண்டு நான் மட்டும் ரயிலேறிப் பாம்பன் போனேன். மச்சான் கருவாடு காயும் மணலில், பாய் நிழலில் உட்கார்ந்திருந்தார். நெற்றியில் தழும்பு. நான் இடதுபக்கம் உட்கார்ந்து பேசத் தொடங்கியதும், "அந்தப் பக்கம் வா தம்பி. இது கேக்காது" என்றார். வலப்பக்கம் போய் உட்கார்ந்து எல்லாவற்றையும் வாசித்தேன். எழுதாமல் விட்ட நாட்களைச் சொன்னேன். எட்டு நாள் குறிப்பை வாசித்தேன். சுவரில் அடித்ததையும் சொன்னேன்.

கருவாட்டைப் புரட்டிப்போட்டுக்கொண்டே கேட்டார். "எலிக்குக் கீர குடுத்துக் கால நிமித்திட்ட. நல்ல வேல. என் காதுக்கு என்ன கீர வச்சிருக்க?"

நோட்டை மூடினேன்.

"ஒங்க ராத்தா என்ன சொன்னா? நான் அடிச்சேன்னு நம்புனாளா?"

"ஒரு நாளும் நம்பல. நடுவுல வந்து அடி வாங்குனது ஒங்களுக்காகத்தான்."

கையில் இருந்த கருவாட்டைக் கீழே வைத்தார். "தலாக் சொல்லமாட்டேன். ஆனா அந்த வாசல நான் மிதிக்கவும் மாட்டேன். நம்ம ஊருப் பொம்பள வீட்ட விட்டு வரமாட்டா, அது எனக்குத் தெரியும். இருந்தாலும் கேட்டுப் பாரு. கருவாட்டு நாத்தத்துல ஓலைக் கூரைக்கு அடியில இருக்கச் சம்மதம்னா வரட்டும்."

ராத்தாவிடம் சொன்னேன். அவள் என்னைக் கேட்ட ஒரே கேள்வி, "ரயிலு எத்தன மணிக்கு?"

அன்று செவ்வாய்க்கிழமை. முஹர்ரம் பிறைக்கு இன்னும் நாள் இருந்தது. எங்கள் தெருவில் ஒரு பெண் தன் வீட்டை விட்டு மாப்பிள்ளையோடு வாழப் போவதை அதற்கு முன் யாரும் பார்த்ததில்லை. ஜன்னல்களெல்லாம் திறந்திருந்தன. டிரங்குப் பெட்டியை நான் தூக்கிக்கொண்டேன். உம்மா வாசலில் நின்று அழுதார். காக்கா தெருமுனையிலிருந்து ஓடிவந்தார்.

"மானத்த வாங்குறியா? ஏறு உள்ள!"

"வீடு என் வீடு காக்கா" என்றாள் அவள். "உம்மா இருக்காக, இருக்கட்டும். நீங்க இனிமே இங்கன ஏறக்கூடாது. ஒங்களுக்குச் சோறு ஒங்க மாமியார் வீட்டுல. அங்கனதான் வீட்டு மாப்பிள்ளைய யாரும் அடிக்கமாட்டாக."

வார் அவிழும் சத்தம் கேட்டது. அன்று நான் எழுந்து நிற்கவில்லை, ஏனென்றால் ஏற்கெனவே நின்றுகொண்டிருந்தேன். பெட்டியை இறக்கிவைத்துவிட்டு நடுவில் போனேன். முதல் வீச்சு என் கன்னத்திலும் இரண்டாவது தோளிலும் விழுந்தன. மூன்றாவது விழவில்லை. ஜன்னல்களிலிருந்து தெருவே பார்த்துக்கொண்டிருந்ததாலா, கை சலித்துவிட்டதா, எனக்குத் தெரியாது. தெரியாததால் நான் அதை எழுதவும் இல்லை. அவர் வாரைத் தரையில் இழுத்தபடி திரும்பி நடந்தார். நான் பெட்டியை எடுத்துக்கொண்டேன்.

அந்த வாசலை அதற்குப் பிறகு காக்கா ஏறவில்லை. ராத்தாவுக்குப் பாம்பனில் இரண்டு பிள்ளைகள் பிறந்தார்கள். மச்சானுக்கு அந்தக் காது மீளவே இல்லை. அங்கே போகும்போதெல்லாம், அவர் எங்கே உட்கார்ந்திருந்தாலும், நான் சுற்றிப்போய் வலப்பக்கம்தான் உட்காருவேன்.